சோறு வயிற்றில் எத்தனை மணி நேரம் இருக்கும்?

சேரன்மகாதேவி
12.8.2024, திங்கள்

பிரிஸில்லா,

எப்போதும் தாளின் உச்சியில் சிலுவை போட்டு, கர்த்தரின் பெயரைச் சொல்லித்தான் உனக்கு எழுதத் தொடங்குவேன். இன்று மனம் வரவில்லை. நர்சிங் ஹாஸ்டலில் வார்டன் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பார் என்று சொல்லியிருக்கிறாய். பார்க்கட்டும். ஞாயிறு மாலை போன் கொடுக்கும் ஒரு மணி நேரத்தில் உன்னைக் கூப்பிட்டால் எனக்குப் பேச்சு வராது. எழுதினால்தான் வரும்.

நேற்று ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, உன் அம்மா எங்கள் அம்மாவைக் கோயில் வாசலிலேயே நிறுத்திக் கத்தினார்கள். நீ லீவுக்கு வந்திருந்தாய். உன் அம்மாவுக்குப் பின்னால்தான் நின்றாய்.

"எம்பிள்ளைக்கு ஈஸ்டர் கறிக்கொழம்புல மருந்து வச்சிட்டாளே பாவி! ஒம் மவள எங்க வீட்ல தள்ளிவிடணும்னா நேர்ல வந்து கேக்க வேண்டியதுதானட்டி? எந்தம்பிய முழுங்குனது பத்தலையா?"

அப்பா செத்தது மஞ்சள் காமாலையில். அவருடைய அக்காவான அத்தைக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

உன் அண்ணனை வள்ளியூர்ப் பக்கம் எங்கோ மருந்து எடுக்கிற பெண்ணிடம் கூட்டிப்போனீர்களாம். ஆளை மயக்கச் சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்து, செரிக்காமல் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடுமாம். அவள் குழாய் வைத்து உறிஞ்சிக் கறுப்பாக ஒரு கட்டியைத் துப்பினாளாம். "சொந்தத்துல ஒரு பொம்பள கை" என்றாளாம். உடனே உங்களுக்கு எங்கள் அம்மா நினைவுக்கு வந்துவிட்டாள்.

நான் கல்யாணத்துக்கு அலைகிறேன் என்று ஊர் முழுக்க நினைக்கிறது. தையல் கடைக்குப் போகும் வழியில் தலை நிமிர முடியவில்லை. நான் இனி அத்தான் என்று எழுதமாட்டேன். உன் அண்ணன்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். இன்று பதினோரு பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்துவிட்டார்கள். "மருந்து வைக்கிற கை" என்று எழுதிப் பெற்றோர் சிலர் பெரிய டீச்சரிடம் கொடுத்திருக்கிறார்கள். டீச்சர் நல்லவர். "பியூலா, செப்டம்பர் எட்டாம் தேதி ஒங்க கோயில் அசனம் வருதுல்லா? அதுல நீ சமைச்சு ஊரு சாப்பிட்டுட்டா இந்தத் தாள நான் கிழிச்சுப் போட்டுருவேன். இல்லன்னா மேல அனுப்பித்தான் ஆகணும்" என்றாராம். ஆனால் அசன விருந்துச் சமையலைப் பார்க்கும் எலியேசர் அண்ணாச்சி இன்று மாலையே ஆள் அனுப்பிவிட்டார். "பியூலா இந்த வருசம் காய் வெட்ட வரவேண்டாம், வீட்ல இருக்கட்டும்" என்று.

நாம் இருவரும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. கொரோனா வருஷத்தில் எல்லோருக்கும் பாஸ் போட்டார்கள். நீ மேலே போனாய். அப்பா படுக்கையில் விழுந்ததால் நான் நின்றுவிட்டேன். நீ உடம்பைப் பற்றியே படிக்கிறாய். எனக்கு ஒன்றே ஒன்று சொல். சோறு வயிற்றில் எத்தனை மணி நேரம் இருக்கும்? ஈஸ்டருக்குச் சாப்பிட்டது ஆகஸ்ட் வரை இருக்குமா?

இருக்காது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றாய்.

பெர்சிஸ்


பாளையங்கோட்டை
17.8.2024

அன்புள்ள பெர்சிஸ்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அழுதேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சோறு இறங்கும்போது வயிற்றின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்கும். வெறும் வயிறு கையளவுதான், சாப்பிடச் சாப்பிட விரியும். அப்போது எங்கேயும் அழுத்தம் தெரியாது, அதனால்தான் நாம் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம். மேல்பகுதி பிடித்து வைத்துக்கொள்ளும், கீழ்ப்பகுதி பிசையும். அமிலத்தோடு சேர்த்துப் பிசைந்து பிசைந்து கஞ்சி போல ஆக்கும். கீழே ஒரு சின்ன வாசல் இருக்கிறது. நன்றாக மசிந்ததை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடும், பெரிய துண்டு வந்தால் மூடிக்கொண்டு திரும்பப் பிசைய அனுப்பும். தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். சோறு என்றால் மூன்று, நான்கு மணி நேரம். கறியும் எண்ணெயும் என்றால் இன்னும் கொஞ்சம்.

ஆகவே ஈஸ்டர் குழம்பு ஆகஸ்ட் வரை இருக்காது. எனக்குத் தெரியும்.

ஆனால் தெரிவதும் அம்மா முன்னால் சொல்வதும் ஒன்றா? நான் சொன்னேன், பெர்சிஸ். வீட்டுக்குள் சொன்னேன். "ஒன்னப் படிக்க வச்சது என்ன எதுத்துப் பேசவா?" என்று கன்னத்தில் ஒன்று வைத்தாள். அண்ணன் ஐந்து மாதத்தில் பதினான்கு கிலோ இறங்கிவிட்டான். நாலு கவளம் சாப்பிட்டால் போதும் என்கிறான். வாழைத்தார் ஏற்றும் வண்டியை ஓட்ட முடியாமல் வீட்டில் கிடக்கிறான். பிள்ளை கண் முன்னால் உருகும்போது ஒரு தாய் யாரைத்தான் சந்தேகப்படமாட்டாள்?

அந்தக் கட்டியை நானும் பார்த்தேன். கறுப்பாக, முடியோடு இருந்தது. புத்தகம் ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது. நான் என்ன செய்ய?

இன்னொன்று. கோபப்படாமல் படி. ஜூலையில் அண்ணன் உங்கள் வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் எல்லோரும் மீன் குழம்பு சாப்பிட்டீர்களாம். அவனுக்கு மட்டும் தனியாக எதையோ கொடுத்தீர்களாம். பக்கத்து வீட்டு அக்கா பார்த்திருக்கிறார். அது என்ன? நான் கேட்கவில்லை, அம்மா கேட்கிறாள்.

கோயில் வாசலில் நீயும்தான் பேசவில்லை. உன் அம்மாவை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாயே.

பிரிஸில்லா


சேரன்மகாதேவி
21.8.2024

பிரிஸில்லா,

ஓடினேன். எனக்கு நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் பாதிப் பக்கம் நீ வாசித்துத்தான் என்னைக் காப்பாற்றுவாய். எனக்கு வாய் வராது என்பதும், உனக்கு வாய் இருந்தும் திறக்கவில்லை என்பதும் ஒன்றா?

"நான் கேட்கவில்லை, அம்மா கேட்கிறாள்" என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்து உன்னுடையது.

என்ன கொடுத்தோம் என்று கேட்டாய். மோர். வெறும் மோர், உப்புப் போட்டு. ஏன் தெரியுமா? உன் அண்ணன் கேட்டது அதைத்தான். ஜூலை இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம். "அத்தை, மீன் வேண்டாம், வயிறு கல்லு மாதிரி இருக்கு, மோர் இருந்தா ஒரு கிளாஸ் தாங்க" என்று எங்கள் அம்மாவிடம் கேட்டார். அரை கிளாஸ் குடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினார். குழாயடியில் வாந்தி எடுத்தார். யாரிடமும் சொல்லாதே என்று என்னைக் கும்பிட்டார். "எங்கம்மாட்ட சொன்னா மருந்து எடுக்கன்னு எங்கயாவது கூட்டிட்டுப் போயிருவா பெர்சி" என்றார். அதனால் சொல்லவில்லை. இந்த ஊரில் வாக்குக் காப்பாற்றினால் கிடைக்கும் பரிசு இதுதான்.

குழாயடியைக் கழுவிவிட்டது நான். அதனால் என்ன கிடந்தது என்று எனக்குத்தான் தெரியும். பட்டாணியும் கேரட்டும் கிடந்தன. முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் வீரவநல்லூர்க் கல்யாணத்தில் போட்ட வெஜிடபிள் பிரியாணி. நானும் அதே பந்தியில் அதே பட்டாணியைச் சாப்பிட்டேன். பட்டாணி முழுசு முழுசாகக் கிடந்தது, எண்ணியிருக்கலாம். எண்ணெய் நாற்றம் இல்லை, அழுகின முட்டை நாற்றம்.

சோறு நான்கு மணி நேரம் என்று நீதானே எழுதினாய்? இது இருபத்து நான்கு மணி நேரம். உன் புத்தகம் தப்பா, இல்லை உன் அண்ணன் வயிறு தப்பா? எங்கள் அம்மாவின் மோர் தப்பில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும். கீழே ஒரு வாசல் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக விடும் என்று வகுப்பு எடுத்தாயே. அந்த வாசல் திறக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று உங்கள் டீச்சரிடம் கேட்டாயா? படிக்காத எனக்குத் தோன்றுவது படிக்கிற உனக்குத் தோன்றவில்லையா?

இன்னும் கேள். வாந்தி எடுப்பதற்கு முன் அவர் எங்கள் வாசற்படி ஏறி வந்தபோது, பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கேட்குமே, அந்தச் சத்தம் அவர் வயிற்றுக்குள் கேட்டது. சட்டைப் பையில் வலி மாத்திரை அட்டை இரண்டு இருந்தன. முதுகு வலிக்குத் தினமும் மெடிக்கலில் வாங்கிப் போடுகிறாராம், இரண்டு வருஷமாக.

அந்தக் கட்டியை நீ கண்ணால் பார்த்தாய், சரி. வயிற்றிலிருந்து வந்த கட்டியில் ஒரு பருக்கையாவது ஒட்டியிருந்ததா? அவள் வாயிலிருந்து வந்ததா, உன் அண்ணன் வாயிலிருந்து வந்ததா? அதைப் பார்த்தாயா?

அம்மா இன்று நாற்பது பிள்ளைகளுக்குச் சமைத்தாள். இருபத்திரண்டு பேர்தான் தட்டை நீட்டினார்கள். மீதிச் சோற்றை மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்து, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

பெர்சிஸ்


பாளையங்கோட்டை
29.8.2024

பெர்சி,

உன் கடிதத்தை மடிக்காமல் அப்படியே எங்கள் மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடம் என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, "இத எழுதுனது யாரு? எந்த வருஷம் படிக்கிறா?" என்று கேட்டார். பத்தாவதோடு நின்றவள் என்றேன். "ஒங்க அண்ணன நாளைக்கே கூட்டிட்டு வா" என்றார்.

அப்பாவுக்குப் போன் செய்து அம்மாவுக்குத் தெரியாமல் வரவழைத்தேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சினார்கள். ஒன்றேமுக்கால் லிட்டர் வந்தது. நான்தான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் முந்தின நாள் இட்லி இருந்தது, அதற்கும் முந்தின நாள் கீரை இருந்தது. மறுநாள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். வயிற்றின் கீழ் வாசலுக்குப் பக்கத்தில் புண். ஆறி ஆறித் திரும்பப் புண்ணாகி, தழும்பு இறுகி, வாசல் பேனா முனை அளவுக்குச் சுருங்கிவிட்டது. மேலே போட்டது இறங்காமல் அங்கேயே நொதித்திருக்கிறது. வலி மாத்திரையும் ஒரு கிருமியும் சேர்ந்து செய்த வேலை என்றார் டாக்டர். ஈஸ்டருக்கு முன்பே தொடங்கியிருக்கும் என்றார். பலூன் வைத்து வாசலை விரித்தார்கள். இன்னும் இரண்டு தடவை செய்ய வேண்டுமாம். இப்போது கஞ்சி இறங்குகிறது. நேற்று இரண்டாவது தம்ளர் கேட்டான்.

உன் அம்மா எதையும் வைக்கவில்லை. நாங்கள்தான் பாவம் செய்தோம். என்னை மன்னித்துவிடு.

அம்மாவிடம் டாக்டர் படத்தைக் காட்டியே சொன்னார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "புண்ணும் இருந்திருக்கும், மருந்தும் இருந்திருக்கும்." வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊருக்குத் தெரிஞ்சா நா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கோயிலுக்குப் போவேன்?" என்று அழுதாள். எனக்கு அவளைப் பார்த்தாலும் பாவமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது பையப் பைய எடுத்துச் சொல்லி, அம்மாவை உங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிறேன். அதுவரை பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

பிரிஸில்லா


சேரன்மகாதேவி
31.8.2024

பிரிஸில்லா,

உன் அண்ணனுக்குக் கஞ்சி இறங்குவதில் எனக்குச் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம்.

ஆனால் கிறிஸ்துமஸா? அசனம் எட்டாம் தேதி. அன்றைக்குள் அம்மா சமையலுக்குள் போகாவிட்டால் அந்தத் தாள் மேலே போகும். கிறிஸ்துமஸில் அத்தை வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தால் அம்மாவுக்கு வேலை திரும்பி வருமா? கத்தியது கோயில் வாசலில். மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டா?

ஏழாம் தேதி சாயங்காலம் எல்லோரும் கோயில் பின்னால் வெங்காயம் உரிப்பார்கள். நீ வா. டாக்டர் சொன்னதை அங்கே சொல். நர்ஸுக்குப் படிக்கிறவள் சொன்னால் கேட்பார்கள். ஐந்து நிமிஷம் போதும்.

நீ வந்தால் நமக்குள் இருக்கும் சண்டை எல்லாம் முடிந்தது.

பெர்சிஸ்


பாளையங்கோட்டை
4.9.2024

பெர்சி,

டூட்டி போட்டிருக்கிறார்கள், லீவு கிடைக்காது. கிடைத்தாலும் வரமாட்டேன் என்பதுதான் உண்மை. பெற்ற தாயை ஊர் நடுவில் வைத்து அசிங்கப்படுத்த என்னால் முடியாது. நீ என் இடத்தில் இருந்தால் செய்வாயா? உன்னால் நாலு பேர் முன்னால் "ஸ்தோத்திரம்" என்றுகூடச் சத்தமாகச் சொல்ல முடியாது, என்னைச் சொல்லச் சொல்கிறாய்.

கொஞ்சம் பொறு. நான் சரிசெய்வேன்.

பிரிஸில்லா


சேரன்மகாதேவி
9.9.2024, திங்கள்

பிரிஸில்லா,

வாசித்துவிட்டேன். உன் இருபத்தொன்பதாம் தேதிக் கடிதத்தை, சனிக்கிழமை சாயங்காலம், கோயில் பின்னால், முப்பது பேர் முன்னால், தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசித்தேன். யாரிடமும் காட்டாதே என்று நீ எழுதிய வரியையும் வாசித்தேன். அதையும் அவர்கள் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அம்மாவிடம் சொல்லாமல்தான் போனேன். எல்லோரும் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தையும் அரிவாள்மணை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் "ஒரு நிமிஷம்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. திரும்ப "ஒரு நிமிஷம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. நீ எழுதியது சரிதான் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போது ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "பியூலா மவ வந்திருக்கா, வெங்காயத்துப் பக்கம் விட்றாதீங்க" என்றாள். அவள் அதைச் சத்தமாகவும் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாம்பார் கரண்டியை எடுத்து வெறும் அண்டாவில் ஓங்கி அடித்தேன். கோயில் மணி போலக் கேட்டது.

வாசிக்கத் தொடங்கினேன். பின்னால் இருந்து ஒரு பாட்டா, "ஏ பிள்ள, சத்தமா வாசி, இங்கன ஒண்ணும் கேக்கல" என்றார். முதலிலிருந்து திரும்பவும் வாசித்தேன். ஒன்றேமுக்கால் லிட்டர் என்றதும் ஒருத்தி "ஏயம்மா!" என்று வாயில் கை வைத்தாள். வாசல் சுருங்கின கதைக்கு வந்தபோது உரிக்கிற சத்தமே நின்றுவிட்டது. பட்டாணி விஷயத்தை நானே சொன்னேன், தாளில் இல்லாமல், என் வாயால். "அந்த வீரவநல்லூர்க் கல்யாணத்துப் பட்டாணியா?" என்று எலியேசர் அண்ணாச்சி கேட்டார். ஆமாம் என்றேன். "மறுநாள் மத்தியானம் வரைக்குமா முழுசா கெடந்துச்சு?" ஆமாம் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்போ அந்த வயித்துலதாம்லே கோளாறு. கொழம்புல என்ன கோளாறு?"

அத்தை எழுந்து போய்விட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. உன் அம்மா தனியாக நடந்து போனதை நான் பார்த்தேன். எனக்குப் பாவமாக இல்லை. பிறகு வருமோ என்னவோ, அன்று இல்லை.

அண்ணாச்சி ஆள் அனுப்பி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வரவில்லை. "வராதன்னு சொன்னவரு வந்து கூப்பிடட்டும்" என்று சொல்லி அனுப்பினாள். அண்ணாச்சி அவரே போய், எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். அதற்குப் பிறகுதான் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு புறப்பட்டாள். என்னை ஏறிட்டுப் பார்த்து, "ஏளா, நீயா வாசிச்ச?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டுத் தட்டு. பெரிய டீச்சர் அந்தத் தாளை அம்மா கண் முன்னாலேயே நாலாகக் கிழித்தாராம்.

உனக்கு நான் செய்தது துரோகம். அப்படித்தான் எழுதுவாய், எழுது. நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ வந்திருந்தால் அத்தை நோகாமல் சொல்லியிருப்பாய், எனக்கு அந்த வித்தை தெரியாது. நீ அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்தால் என்னிடம் வாசிக்க எதுவும் இருந்திருக்காது, அதையும் நான் மறக்கவில்லை. நீ வராத கோபம், நீ எழுதியதற்கான நன்றி, இரண்டும் என்னிடம் இருக்கிறது. எது முதலில் ஆறும் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று அசனத்தில் நடந்ததை உனக்கு யார் எப்படிச் சொல்வார்களோ. அதனால் நானே எழுதுகிறேன்.

வராவிட்டால் ஊர் இன்னும் பேசும் என்று நினைத்தோ என்னவோ, அத்தை இரண்டாம் பந்தியில் வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள். சாம்பார் வாளி அம்மா கையில். வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தவள், அத்தை இலைக்கு முன்னால் நின்றாள்.

"மைனி, ஊத்தட்டுமா, வேண்டாமா?"

அத்தை இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து இலைக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். நான் அப்பளக் கூடையோடு நின்றேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க மைனி. நா என்னத்தையும் வச்சிட்டேன்னு நெனச்சா வேண்டாம்னு சொல்லுங்க, நா அடுத்த எலைக்குப் போறேன்."

"ஊத்து" என்றார்கள், உதட்டுக்குள்.

"கேக்கல."

"ஊத்து, பியூலா."

இந்த முறை அந்தப் பந்தி முழுக்கக் கேட்டது. அம்மா எல்லோருக்கும் ஊற்றியது போலவே ஒரே ஒரு கரண்டி, கூடவும் இல்லை குறையவும் இல்லை, ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

பெர்சிஸ்